எங்கே என்று கேட்பதற்கு முன்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதினாலே கடைசியில் ‘பிழை இருந்தால் பொறுக்கவும்’ என்று போட்டுத்தான் பழக்கம். இதில் அதை முதலிலேயே போட்டுவிடுகிறேன். விமான நிலையத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். அடிக்கடி போய்வருகிறவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

என் கூச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். டவுன் பஸ்ஸில் வரும்போது கண்டக்டரிடம் இறங்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் மற்றவர்களோடு இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகும் வரை நிற்பேன். ஆனால் பார்ப்பதில் கூச்சம் கிடையாது. எதையும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எங்கள் காடு செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறோம். ஒரே மகள். மாப்பிள்ளை வீடு அரியலூர் பக்கம், ஆலத்தியூருக்கு அருகில். இருவரும் இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்ற ஊரில் இருக்கிறார்கள். மகளுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. அங்கே அவர்களுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லை. என் வீட்டுக்காரருக்கு வெங்காயம் பறிக்கிற நேரம். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காலில் பழைய அடி, ரொம்ப நேரம் மடக்கி உட்கார முடியாது. ஆகவே நானும் மாப்பிள்ளையின் அம்மாவும், சம்பந்திகள் இரண்டு பேரும் சேர்ந்து போவது என்று முடிவானது.

மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கு நேராகப் போகிற விமானம் புதிதாக விட்டிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை அதில் டிக்கெட் போட்டார். திருச்சியில் ஏறி, மும்பையில் மாற வேண்டும். போனில் முகம் தெரிகிற மாதிரி பேசி எனக்கு விளக்கினார்.

“பயப்படாதீங்க அத்தே. நம்ம பெரம்பலூர் மாதிரிதான். பழைய பஸ் ஸ்டாண்டுல எறங்கி, புது பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, மெட்ராஸ் வண்டி புடிக்கிறதில்ல? அதேதான். உள்ளூர் பிளைட்டுக்கு ஒரு கட்டடம், வெளிநாட்டுக்கு ஒரு கட்டடம். நடுவுல அவங்களே பஸ் விடுவாங்க.”

“பொட்டிங்க, மாப்ள?”

“பொட்டி தானா போயிரும். திருச்சியில குடுத்தீங்கன்னா மான்செஸ்டர்லதான் பாப்பீங்க.”

எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். பழைய பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருவரிடம் மூட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், மூட்டை எனக்கு முன்னால் மெட்ராஸ் வண்டியில் ஏறியிருக்கும் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? எந்த வழியாகப் போகும், யார் தூக்குவார்கள் என்று பல நாள் யோசித்தேன்.

ஒரே ஒரு விஷயத்தை மாப்பிள்ளை இரண்டு மூன்று தடவை சொன்னார். அந்தப் புது விமானம் தினமும் கிடையாது. தவறவிட்டால் அடுத்ததற்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அங்கே பிள்ளை பிறந்துவிடலாம். “அம்மாவ வேகமா நடக்கச் சொல்லுங்க அத்தே” என்றார். சம்பந்தியை வேகமாக நடக்கச் சொல்வதற்கு நான் யார்?

என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியதோ வேறு. “பொண்ணு குடுத்தவங்க நாம. சம்பந்தி சொல்றதுக்கு ஆமாம் போட்டுக்கிட்டு வா. நீ வாயத் தொறக்குறவ இல்லதான். இருந்தாலும் சொல்லி வெக்கிறேன்.”

கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு சம்பந்தி செட்டிகுளம் மலைக்கோயிலில் வேண்டிக்கொள்ள வந்திருந்தார். தரிசனம் முடிந்து டவுன் பஸ்ஸில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அங்கிருந்து புது பஸ் ஸ்டாண்டு போய் அவரை அரியலூர் பஸ் ஏற்றிவிட வேண்டும்.

“இதுதான் மும்பைன்னு வெச்சுக்குவோம்” என்றார் சம்பந்தி. “பழகிப் பாத்துருவோம். உங்க கையில இருக்குற என் பைய என்கிட்ட குடுக்காதீங்க. பொட்டிதான் தானா போவுமே.”

சிரித்துக்கொண்டே நடந்தோம். அவர் சிரித்தால் பத்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பாதி வழியில் ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, “எங்கம்மா போறீங்க?” என்று கேட்டார்.

சம்பந்தி நின்றுவிட்டார். சிரிப்பும் நின்றுவிட்டது. பக்கத்தில் மூடியிருந்த ஒரு கடைப் படியில் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்து மூன்று மடக்குத் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு வலது காலை முதலில் செருப்பில் விட்டு எழுந்தார்.

கிளம்பிப் போகிறவர்களை எங்கே என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட்கத்தான் வேண்டுமென்றால் “தூரமா?” என்போம். “எதுவரைக்கும்?” என்போம். யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவதும் உண்டு. ஆனால் நடுத்தெருவில் இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

“பஸ்ஸுல கண்டக்டரு கேக்குறாரே, அதுங்க?” என்றேன். தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

“உக்காந்துட்டா தோசமில்ல. நடந்து போறவங்களக் கேட்டாத்தான்.”

அரியலூர் பஸ் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்தது பின்னாலேயே வந்தது, ஏறிப் போனார். நானும் அதை மறந்துவிட்டேன்.

கிளம்பும் நாளில் திருச்சி விமான நிலையத்து வாசலில் திருவிழா மாதிரி கூட்டம். எங்கள் பக்கத்து லப்பைக்குடிக்காடு என்ற ஊர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து ஒரு ஆளை வளைகுடாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெட்டி எடை போடுகிற இடத்தில் இருந்த பெண், “எதுவரைக்கும்மா?” என்று கேட்டாள். சம்பந்தி என்னைப் பார்த்து, “நல்ல வளப்பு” என்றார். எங்கள் பெட்டிகளில் அடையாளத்துக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தோம். பிரசவ மருந்துப் பொடி அதில்தான் இருந்தது. அந்தப் பெண் பெட்டிக்கு ஒரு சீட்டை ஒட்டினாள். பெட்டிகள் ரப்பர் பட்டையில் நகர்ந்து, தொங்குகிற கறுப்புத் திரைக்குள் போய்விட்டன. நான் குனிந்து பார்த்தேன். உள்ளே இன்னொரு பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தெரியவில்லை.

திருச்சியிலேயே விமானம் தாமதமாகக் கிளம்பியது. மும்பையில் இறங்கும்போது எங்களுக்கு இருந்த நேரத்தில் பாதி போய்விட்டது. அம்புக்குறி போட்ட பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மாறிப் போகிறவர்களுக்குத் தனி வழி, வெளியே போகிறவர்களுக்குத் தனி வழி. வாய்க்கால் தண்ணீரை மடை கட்டித் திருப்புவது போல ஜனங்களைக் கயிறு கட்டித் திருப்பியிருந்தார்கள். யாரிடமும் எதுவும் கேட்காமலே போய்விடலாம் போலிருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

வழியில் ஒரு மேசை. அங்கே நின்ற பெண் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்து, ஆங்கிலத்தில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

எனக்கே அந்த இரண்டு வார்த்தை புரிந்தது. சம்பந்திக்குப் புரியாதா? சுற்றிப் பார்த்தார். சுவரோரம் நாற்காலி வரிசை இருந்தது. போய் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். பாட்டிலைத் திறந்தார்.

அந்தப் பெண் பயந்துபோய், மயக்கமா என்று சைகையில் கேட்டாள். நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். டிக்கெட்டைக் காட்டினேன். அவள் கடிகாரத்தைக் காட்டி, ஒரு கதவைக் காட்டி, வேகமாக என்னவோ சொன்னாள். கதவுக்கு வெளியே ஒரு பஸ் நின்றது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அது கிளம்பிவிட்டது.

அடுத்த பஸ் வந்ததும் கதவில் நின்ற காவலாளி இந்தியில் ஏதோ கேட்டார்.

“என்ன கேக்குறான்?” என்றார் சம்பந்தி.

“தெரியலீங்க” என்றேன். பொய். கேட்ட தோரணையிலேயே தெரிந்தது. ஆனால் அந்த மனிதர் உதவி செய்கிறேன் என்று கையை மேலே தூக்கி விமானம் பறப்பது போல ஆட்டி, உள்ளங்கையை விரித்து, ‘எங்கே?’ என்று காட்டினார்.

சம்பந்தி திரும்பி நாற்காலிக்கு நடந்தார்.

எனக்கு மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. ‘எழுந்திருங்க சம்பந்தி’ என்று சொல்ல வாய் வரை வந்து நின்றுவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்து அவரே பேசினார்.

“பைத்தியக்காரின்னு நெனைக்கிறீங்க.”

“அய்யோ, இல்லீங்க.”

“நெனச்சாலும் தப்பில்ல. அவரு கால் எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. சைக்கிள்ல வேலைக்குக் கெளம்புறாரு. எதுத்த வூட்டுக்காரன் எங்க அண்ணேங்கிறான். நான் உள்ளேருந்து கூப்புடுறேன், செத்த உக்காந்துட்டுப் போங்கன்னு. நேரமாச்சுன்னு போயிட்டாரு. சுண்ணாம்புக்கல்லு லாரி ஒண்ணு ஒரசிட்டுது. அன்னிக்குச் செத்த உக்காந்திருந்தா அந்த லாரி போயிருக்கும்.” பாட்டிலை மூடினார். “இப்ப நாம போறது பிரசவத்துக்கு. என் மருமவளுக்கு. நேரமாச்சுன்னு போவச் சொல்றீங்களா?”

இரண்டாவது பஸ்ஸும் போனது.

மூன்றாவது பஸ்ஸுக்கு அதே காவலாளி எங்களை அடையாளம் கண்டு, எதுவும் கேட்காமல் கையைக் காட்டி ஏறச் சொன்னார். பஸ் விமானங்கள் நிற்கிற மைதானத்துக்குள்ளேயே ஓடியது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. எங்கள் முன்னால் ஒரு பெரிய விமானம் மெதுவாகக் குறுக்கே போனது. ரயில்வே கேட்டில் வண்டி போகும் வரை நிற்பது போல எல்லோரும் நின்றோம். அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒரு சின்ன டிராக்டர், பின்னால் நாலைந்து தள்ளுவண்டிகளைக் கோத்து இழுத்துக்கொண்டு போனது. ஆலைக்குக் கரும்பு போகிற மாதிரி. வண்டி நிறையப் பெட்டிகள். ஒன்றில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. எங்கள் துணிதானா என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. பெட்டிக்குப் பேச வேண்டியதில்லை. எங்கே போகிறது என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

“சம்பந்தி, ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளுங்க. எங்க போறோம்னு மட்டும் கேட்றாதீங்க.”

“அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நாம சொல்லிட்டா? சொல்லிட்டா அப்புறம் கேக்க மாட்டாங்கல்ல?”

அவர் யோசித்தார். டிராக்டர் போய் மறையும் வரை யோசித்தார். “கேக்காத வரைக்கும் தோசமில்லதான். ஆனா யாரு சொல்றது? எனக்கு அந்த ஊரு பேரு வாயில நிக்காது.”

“நான் சொல்றேங்க.”

“நீங்களா?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “கல்யாணத்துல ஐயரு உங்க பேரக் கேட்டதுக்கே உங்க வூட்டுக்காரரு மூஞ்சியப் பாத்தவங்களாச்சே நீங்க.”

பஸ் நின்றது. நான் முதலில் இறங்கினேன்.

வாசலில் இருந்த காவலரிடம் சொன்னேன். சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. அவர் வாயைத் திறந்தார். நான் மறுபடி, “மான்செஸ்டர்!” என்றேன். இந்தத் தடவை அதிகமாகிவிட்டது. அவர் ஒரு அடி பின்னால் போனார். டிக்கெட்டைப் பார்த்தார். போகச் சொன்னார்.

“பரவால்லியே” என்றார் சம்பந்தி பின்னாலிருந்து.

பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது போலாகிவிட்டது. யூனிபார்ம் போட்ட யாரைப் பார்த்தாலும் முன்னால் ஓடிப்போய் மான்செஸ்டர் என்றேன். பாஸ் பார்க்கிற பெண்ணிடம் சொன்னேன். பை சோதிக்கிற இடத்தில் பாட்டில் தண்ணீரைக் கொட்டச் சொன்னவரிடமும் சொன்னேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடமும் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு, ஒரு பக்கமாகக் கையைக் காட்டினார். அது சரியான வழிதான். வாயைத் திறந்தால் வழி தெரிகிறது என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் பாட்டில் இப்போது காலி. இனி யாராவது கேட்டுவிட்டால் தண்ணீர் தேடிக்கொண்டு அலைய வேண்டும். நேரமோ இல்லை.

கடைசியாகப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற இடம். கோடு போட்டிருந்தார்கள். ஒரு கவுண்டருக்கு ஒருவர்தான் போக வேண்டும். என்னை ஒரு கவுண்டருக்கு அனுப்பினார்கள். சம்பந்தியை நாலு கவுண்டர் தள்ளி இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். என் பாஸ்போர்ட்டை வாங்கியவர் என்னை ஒன்றுமே கேட்கவில்லை, புரட்டிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். அங்கே சம்பந்தி எதிரில் இருந்த அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தலையை நிமிர்த்தினார். கேட்கப் போகிறார்.

“சார்!” என்று கத்தினேன். “மான்செஸ்டர்! அவங்களும் மான்செஸ்டர்!”

அவ்வளவு பெரிய கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்நாளில் அத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை, என் கல்யாணத்தில்கூட. எனக்குக் காது சுட்டது. என் அதிகாரி சம்பந்தியைக் காட்டி, அக்காவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். “சம்பந்தி” என்றேன். வேறு வார்த்தை தெரியவில்லை. அவர் பக்கத்துக் கவுண்டர்காரரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்பது இன்றுவரை தெரியாது. முத்திரை விழுந்தது. நாலு கவுண்டர் தள்ளியும் விழுந்தது.

அதற்குள் ஒலிபெருக்கியில் எங்கள் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மும்பையில் யாரோ முகம் தெரியாத ஒரு பெண் என் பெயரை மைக்கில் சொல்கிறாள். வெட்கத்தையும் மீறி, இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று ஒரு கணம் காதைக் கொடுத்து நின்றேன். பிறகு ஓடினோம். சம்பந்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். கடைகள், வாசனைத் தண்ணீர், பொம்மை மாதிரி பெண்கள், எல்லாம் ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பது போலப் போயின. கேட் வெகுதூரம். பின்னாலிருந்து பேட்டரி வண்டி ஓட்டிவந்த ஒருவர் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, “மான்செஸ்டர்?” என்றார்.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். இது கேள்விதானே? இவர் இப்போது உட்கார்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. சம்பந்திக்கு மூச்சு வாங்கியது. அந்த ஆளைப் பார்த்தார், காலி பாட்டிலைப் பார்த்தார்.

“அவன் எங்கன்னு கேக்கல” என்றார். “அவனே சொல்லிட்டான். ஏறுங்க.”

ஏறினோம். கதவை மூடுவதற்கு நின்றிருந்த பெண் எங்களைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

எங்கள் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு, சம்பந்திக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு வயதான சர்தார்ஜி மரியாதையாக ஆங்கிலத்தில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். விமானத்தில் இருக்கிற எல்லோரும் ஒரே ஊருக்குத்தான் போகிறோம். எனக்கு ‘அய்யோ’ என்றிருந்தது.

“உக்காந்தாச்சு” என்றார் சம்பந்தி என்னிடம். “இப்பக் கேக்கலாம்.” அவரிடம் திரும்பி மகன், மருமகள், பிரசவம், ஆலத்தியூர், வீட்டுக்காரரின் கால் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து சம்பந்தி என் பக்கம் சாய்ந்து, “தொண்டை வலிக்குதா?” என்று கேட்டார். தண்ணீர் கொண்டுவந்த பெண்ணிடம் எனக்கும் சேர்த்து வாங்கினார். முதல் டம்ளரை என்னிடம் கொடுத்தார்.

மான்செஸ்டரில் இறங்கியபோது எங்கள் பெட்டிகள் ரப்பர் பட்டையில் சுற்றிக்கொண்டிருந்தன. மஞ்சள் துணியில் கொஞ்சம் கறுப்பு மை ஒட்டியிருந்தது. எந்த வழியாக வந்தன என்பதை அந்தக் கறையை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முடியவில்லை. மாப்பிள்ளை வெளியே நின்றிருந்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மழை. மதியத்துக்கு மேல் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மும்பையிலிருந்து அடுத்த விமானம் கிளம்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது.